முதுகு டீச்சரின் வீட்டுக்காரர்

அர்த்தனாரிக்கு மாணிக்கத்தின் முதுகைக் கண்டால் ஆகாது. முகத்தோடு எந்தத் தகராறும் இல்லை. முகம் எதிரில் வந்து நின்றால் சிரிப்பான், வெற்றிலை மடித்துக் கொடுப்பான், பிள்ளைகளைப் பற்றி விசாரிப்பான். பங்காளி முறை வேறு. மாணிக்கம் வயதில் இளையவன், "அண்ணா" என்று கூப்பிட்டால் அந்த ஒரு வார்த்தையிலேயே பாதி வணக்கம் இருக்கும். ஆனால் பேசி முடித்து மாணிக்கம் திரும்பி நடந்தால் போதும், அர்த்தனாரியின் அடிவயிற்றில் பச்சை மிளகாயை நசுக்கி வைத்ததுபோல் எரிய ஆரம்பிக்கும்.

சந்தேகம் என்று நினைத்துவிட வேண்டாம். சந்தேகப்படுகிறவனுக்காவது என்றைக்காவது நிம்மதி உண்டு. பெண்டாட்டி தப்பு செய்யவில்லை என்று தெரிந்தால் அதோடு தீர்ந்தது. பாவாயியின் மேல் ஒரு பழுதும் இல்லை என்பது அர்த்தனாரிக்குக் கல்யாணமான நாளிலிருந்தே தெரியும். மாணிக்கத்தோடு அவள் சேர்ந்தாற்போல் பத்து வார்த்தை பேசியிருப்பாளா என்பதே சந்தேகம்தான். அவளுக்கு மாணிக்கம் வேண்டாம், அவன் முதுகு போதும். அதைத்தான் இவனால் தாங்க முடியவில்லை.

மலைமேல் வளப்பூர் நாட்டில் அவர்கள் வீட்டுக் கூடத்துக்குள் நுழைந்தால் சுவரே கண்ணுக்குத் தெரியாது. எல்லாம் பாவாயி போட்ட படங்கள். ஒரு மரம் கிடையாது, ஒரு அருவி கிடையாது, மலைக்குப் பின்னால் உதிக்கிற சூரியன் கிடையாது. அதையெல்லாம் சுற்றுலா வருகிறவர்கள் செல்போனில் எடுத்துக்கொண்டு போகட்டும் என்று விட்டுவிட்டாள். அவளுக்கு மனித உடம்பு வேண்டும். குனிகிற உடம்பு, சுமக்கிற உடம்பு, ஏறுகிற உடம்பு, அதிலும் முதுகுப் பக்கம். சாமை அறுக்கிறவளின் முதுகு, பலாப்பழத்தைத் தோளில் வைத்து பஸ்ஸுக்கு ஓடுகிறவனின் முதுகு, வாசலூர்பட்டி ஏரியில் படகைக் கரைக்கு இழுக்கிறவனின் முதுகு. அந்தக் கூடத்தில் உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கிறவர்களுக்கு, ஊரே கோபித்துக்கொண்டு திரும்பி நிற்கிற மாதிரி இருக்கும்.

அந்தக் கூட்டத்தில் அர்த்தனாரி இல்லை. கூடவே குடும்பம் நடத்தி, பெண்ணைப் பெற்று வளர்த்துக் கட்டிக் கொடுத்து, இத்தனை வருஷம் அவள் கையால் சாப்பிட்டவன், அவள் போட்ட படத்தில் ஒரு மூலையில்கூட இல்லை. அவனுக்கு வேண்டியது அது ஒன்றுதான். ஒரே ஒரு படம். அதைக் கேட்க மட்டும் அவனுக்கு வாய் வரவில்லை.

பாவாயி முதுகில் வந்து மாட்டிக்கொண்டது சின்ன வயதில். அவள் அப்பா குச்சிக்கிழங்குக் காட்டில் மண் வெட்டிக்கொண்டு போவார். பின்னாலேயே போய்க் கிழங்கைப் பொறுக்கிக் கூடையில் போடுவது இவள் வேலை. இவளோ கூடையைக் கீழே வைத்துவிட்டு, கரிக்கட்டையால் பக்கத்துப் பாறையில் அவர் குனிந்த முதுகை இழுத்துக்கொண்டிருப்பாள். அவர் திரும்பினால் முதுகில் ஒன்று விழும். அதனால் திரும்புவதற்குள் போட்டு முடிக்கக் கற்றுக்கொண்டாள். பின்னாளில் யாராவது, ஏன் டீச்சர் முகமே போட மாட்டீர்களா என்று கேட்டால் அவளிடம் ஒரு பதில் இருக்கும்.

"மூஞ்சியப் போடலாம்னு உக்கார வெச்சா, அவங்க என்னையப் பாக்கறாங்க. என்னையப் பாக்கற ஆளு எனக்கு எதுக்குங்க? வேலையப் பாக்கற ஆளுதான் வேணும்."

அரசாங்க விடுதிப் பள்ளிக்கூடத்தில் படித்தபோதும் இதே புத்திதான். சமையல்காரம்மா அண்டாவில் துழாவுகிறதை நோட்டின் கடைசிப் பக்கம் முழுக்கப் போட்டு வைத்திருந்தாள். ஓவியப் பரீட்சை எழுத மலையை விட்டு இறங்கியபோது, தண்ணீர்க் குடத்தோடு ஒரு பெண்ணை வரையச் சொன்னார்கள். இவள் அந்தப் பெண்ணைத் திருப்பி நிறுத்திவிட்டாள். மார்க் போய்விட்டது. மறு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைப் போட்டுத் தேறினாள். அந்தச் சான்றிதழ்தான் பிறகு அவளைப் பள்ளிக்கூடத்தில் பகுதி நேர டிராயிங் டீச்சராக்கியது. பள்ளிச் சுவர்களில் தலைவர்களுடைய முகங்களை மூக்கும் முழியுமாகப் போட்டுக் கொடுப்பாள். அது சம்பளத்துக்கு. வீட்டுக்கு வந்தால் முதுகு. பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் முதுகு டீச்சர். அர்த்தனாரி எங்கே போனாலும், "முதுகு டீச்சர் ஊட்டுக்காரருங்களா?" என்று கேட்டார்கள். ஊரில் நாலு ஏக்கர் மிளகுக்காரன் என்று இருந்தவன் இப்படி ஆகிப்போனான்.

ஒரு விஷயத்தைப் பிடித்தால் விடுகிற ஆள் இல்லை பாவாயி. பழைய போஸ்டர்களின் வெள்ளைப் பக்கம், காலண்டரின் பின்பக்கம், எது கிடைத்தாலும் அதில் ஒரு தோள்பட்டை, ஒரு இடுப்பு மடிப்பு, சுமையோடு நடக்கும்போது பிட்டம் ஒரு பக்கம் ஏறி இறங்குகிற விதம். சரியாக வரவில்லை என்றால் கிழித்து அடுப்பில் போடுவாள். மறுபடி போடுவாள். உலை கொதிக்கிற நேரத்தில் சாம்பலில் ஒரு விலா எலும்பை இழுத்துப் பார்ப்பாள். அவளுடைய அம்மா செத்த அன்றுகூட, மாரில் அடித்துக்கொண்டு அழுத கண்ணாலேயே பாடை தூக்கினவர்களின் தோள்களையும் பார்த்துக்கொண்டாள். காரியம் முடிந்த கையோடு அதைப் படமாகப் போட்டாள். பாடையின் ஒரு முனையைத் தூக்கியது அர்த்தனாரி. படத்தில் மூன்று பேர்தான் இருந்தார்கள். நாலாவது ஆள் காகிதத்துக்கு வெளியே போயிருந்தான்.

அன்றைக்கு அர்த்தனாரிக்கு மாமியார் செத்த துக்கத்தைவிட இந்தத் துக்கம் பெரிதாக இருந்தது. வெளியே சொல்ல முடியுமா?

இதில் அவன் பேரிலும் ஒரு தப்பு உண்டு. கல்யாணமான புதிதில் அவள் கேட்கத்தான் கேட்டாள். ஒரு மத்தியானம் கரியும் காகிதமுமாக வந்து, "ஏனுங்க, சித்த நேரம் அக்கட்ட திரும்பி உக்காருங்க. உங்க முதுகப் போடறேன்" என்றாள். புது மாப்பிள்ளைக்கு அது சுருக்கென்று தைத்தது. ஊரில் புதுப்பெண்டாட்டிகள் புருஷன் முகத்தைப் பார்த்து வெட்கப்படுகிறார்கள், இவள் திரும்பிக்கொள்ளச் சொல்கிறாள்.

"ஏன், எம்மூஞ்சிக்கு என்ன கேடு?" என்று எழுந்துவிட்டான்.

உள்ளேயிருந்து அவன் அம்மாவும் சேர்ந்துகொண்டாள். "நம்ம ஊட்டுல செத்தவங்களத்தான் படமாக்கி மாட்டறது. எம்பையனுக்கு இப்பவே மாலை போடப் பாக்கறயா?"

"வேண்டாமுங்க, விடுங்க" என்று பாவாயி காகிதத்தைச் சுருட்டிக்கொண்டாள். அவ்வளவுதான். ஒரு தடவை இல்லை என்று சொன்னவரிடம் மறு தடவை கேட்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. அவனுக்கோ, இரண்டாவது தடவை கேட்டால் கொஞ்சம் பிகு பண்ணிவிட்டு உட்காரலாம் என்று எண்ணம். அந்த இரண்டாவது தடவைக்காக அவன் காத்திருக்க ஆரம்பித்தான். அம்மா போய்ச் சேர்ந்தாள், மகள் பிறந்தாள், படித்தாள், புருஷன் வீட்டுக்குப் போனாள். அவன் இன்னும் காத்துக்கொண்டிருந்தான்.

அந்த நாட்களில் அவன் வயிறு எரியாத ஆள் மலையில் மிச்சமில்லை. சோளக்காட்டுச் சந்தையில் அன்னாசிப்பழம் இறக்குகிறவன் மேல் ஒரு வருஷம். படகுக்காரன் மேல் ஒரு வருஷம். ஒரு மழைக்காலம் முழுக்க ஒரு கிழவியின் மேல் பொறாமைப்பட்டான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அவர்களெல்லாம் வந்து வந்து போனார்கள். மாணிக்கம் மட்டும் வந்தவன் போகவே இல்லை.

மாணிக்கம் மிளகு பறிக்கிறவன். மிளகுக்கொடி சில்வர் ஓக் மரத்தைப் பிடித்துக்கொண்டு உச்சிவரை போய்விடும். அதைப் பறிக்க, கணுவுக்குக் கணு கொம்பு விட்ட ஒற்றை மூங்கிலை மரத்தில் சாத்தி, கயிற்றால் கட்டி, அதில் ஏறவேண்டும். கொம்பில் ஒரு காலின் பெருவிரல், இன்னொரு கால் மரத்தை அணைத்தபடி, இடுப்பில் சாக்கு, இரண்டு கையும் சரம் ஒடிக்க. தை மாசியில் அர்த்தனாரியின் தோட்டத்தில் மாணிக்கம் ஏறினான் என்றால் பாவாயி கீழே பலகையோடு உட்கார்ந்துவிடுவாள். அவன் ஒரு மரத்தில் வெகு நேரம் நிற்பான். திரும்ப மாட்டான். திரும்பினால் விழுந்துவிடுவான். அவளுக்கென்றே ஆண்டவன் செய்து அனுப்பிய ஆள்.

"உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் ஒரே நேரத்துல வேலை செய்யற உடம்புங்க இது" என்று ஒரு நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். "அந்த வலது தோளு ஏறறது இருக்குதே, எத்தனை தடவை போட்டாலும் நழுவிப் போகுது."

அர்த்தனாரி தட்டிலேயே கையைக் கழுவினான். அன்றிலிருந்து அவனும் அந்த வலது தோளைப் பார்க்க ஆரம்பித்தான். சந்தையில், பஸ்ஸில், கோயிலில், மாணிக்கம் எங்கே திரும்பி நின்றாலும் அவன் கண் அங்கே போய் உட்கார்ந்துகொண்டது. எப்படி ஏறுகிறது, எங்கே ஒரு குழி விழுகிறது, கழுத்தடியில் எந்த நரம்பு புடைக்கிறது. அப்படி என்னதான் இருக்கிறது இந்த முதுகில்? அவன் பார்த்துப் பார்த்துப் புழுங்கினான். புழுங்கிப் புழுங்கி மறுபடி பார்த்தான்.

போன வருஷம் சேலத்தில் ஒரு ஓவியக் கண்காட்சி. மலையிலிருந்து ஒரு படம் வேண்டும் என்று கேட்டார்கள். பாவாயி தேர்ந்தெடுத்தது மாணிக்கத்தின் முதுகு. அவளுக்குப் பள்ளிக்கூடம் இருந்ததால் அதைக் கீழே கொண்டுபோய் சட்டம் போட்டு வாங்கிவருகிற வேலை அர்த்தனாரியின் தலையில் விழுந்தது. பஸ்ஸில் கம்பியில் சாத்தினால் கீறிவிடும் என்று மடியில் வைத்துக்கொண்டான். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் அந்த முதுகு அவன் மேல் சாய்ந்தது. பக்கத்துச் சீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "ஏனுங்க, இது நம்ம மாணிக்கமாட்டமில்ல இருக்குது!" என்று வாயைப் பிளந்தாள். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

சேந்தமங்கலத்தில் சட்டம் போடுகிற ஷேக் பரீத் நல்ல மனுஷன். படத்தை வாங்கி மேஜையில் வைத்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"டீச்சரம்மா கையே கைங்க. ஏண்ணே, இது நீங்கதானுங்களே?"

அர்த்தனாரி ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

"ஆமாங்க பாய். சின்ன வயசுல."

"அதானே பாத்தேன்" என்றார் ஷேக் பரீத். சட்டைக்குள் இருந்த இப்போதைய முதுகை அவர் மரியாதைக்காக ஒரு தடவை பார்த்துவிட்டு வேலையில் இறங்கினார். திரும்பி வருகிற வழியெல்லாம் அர்த்தனாரிக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. ஆனால் அந்த ஒரு நிமிஷம் இனித்ததை மறுக்க முடியாது.

கண்காட்சிப் படம் பேப்பரில் வந்தது. சோளக்காட்டில் வாழைப்பழக் கடைக்காரர் அதை வெட்டிக் கடையில் ஒட்டி வைத்தார். மாணிக்கம் ஒரு வாரத்தில் பெரிய மனுஷனாகிவிட்டான். "எங்கே, திரும்பு பாக்கலாம்" என்று அவனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அவனும் வெட்கப்பட்டுக்கொண்டே திரும்பினான். அர்த்தனாரி அந்தக் கடைப் பக்கம் போவதை நிறுத்தினான்.

இந்தத் தை பிறந்ததும் அவன் ஒரு முடிவுக்கு வந்துவிட்டான். மாணிக்கம் மூங்கிலைத் தோளில் வைத்துக்கொண்டு வந்து நின்றபோது, "இந்த வருசம் மெளகு கம்மிடா. நானே பறிச்சுக்கறேன்" என்று அனுப்பிவிட்டான். மரமெல்லாம் சரம் சரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. மாணிக்கம் மேலே பார்த்தான், அண்ணன் முகத்தைப் பார்த்தான், மூங்கிலைத் தோள் மாற்றிக்கொண்டு திரும்பிப் போனான்.

"நீங்க ஏறுவீங்களா?" என்றாள் பாவாயி.

"ஏன், நான் ஏறாத மரமா? வேணும்னா வந்து பாரு."

வேணும்னா வந்து பாரு என்பதை எத்தனை அலட்சியமாகச் சொல்ல முடியுமோ அத்தனை அலட்சியமாகச் சொன்னான். உள்ளே போய் உடம்புக்கு எண்ணெய் தடவிக்கொண்டதை அவள் பார்க்கவில்லை என்று நினைத்தான். மாணிக்கத்தின் முதுகு வெயிலில் மின்னுகிறது என்று அவள் எப்போதோ சொல்லியிருந்தாள்.

பாவாயி பலகையும் கரியும் எடுத்துக்கொண்டு வந்தாள். மரத்தடியில் உட்கார்ந்தாள். அர்த்தனாரி சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஏறினான். ஐம்பத்து நாலு வயதுத் தொடை நாலாவது கொம்பிலேயே முனக ஆரம்பித்தது. ஒரு கால் கொம்பில், ஒரு கால் மரத்தில், வலது தோளை மட்டும் நன்றாகத் தூக்கி, வயிற்றை எக்கி நின்றான். கீழே கரி காகிதத்தில் உரசுகிற சத்தம் கேட்டது. இத்தனை வருஷம் மற்றவர்களுக்காகக் கேட்ட சத்தம். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

எண்ணெய் தடவியது தப்பாகப் போயிற்று. கொடிக்குள் இருந்த முசுறு எறும்புகள் விசாரிக்க வந்தன. தோளில் ஒன்று கடித்தது. தட்டினால் நிலை கலைந்துவிடும். பல்லைக் கடித்தான். இடுப்பில் இரண்டு, அக்குளில் ஒன்று. மிளகைப் பறிப்பதுபோல் ஒரே சரத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, அசையாமல் நின்று, அத்தனை கடியையும் வாங்கிக்கொண்டான். சாக்கில் ஒரு கைப்பிடி மிளகுகூட விழவில்லை.

"போதுமுங்க, இறங்குங்க" என்ற பிறகுதான் இறங்கினான். இறங்கினதும் தரையில் உருண்டு எறும்பைத் தட்டக்கூட நேரம் எடுக்காமல் பலகையிடம் ஓடினான்.

நல்ல படம். கழுத்து மடிப்பு அவனுடையது. உச்சி வழுக்கை அவனுடையது. இடுப்பில் அரைஞாண் கயிறு, அதற்கு மேல் தொங்குகிற சதை, எல்லாம் அவனுடையதுதான். பார்த்துக்கொண்டே வந்த அவன் கண் வலது தோளில் நின்றது.

"இது அவன் தோளு" என்றான்.

"யாரு தோளு?"

"மாணிக்கம் தோளு. பாரு, இந்தக் குழி அவனுக்குத்தான் விழும். இந்த நரம்பு அவந்து. எந்தலையைக் கொண்டுபோய் அவன் ஒடம்புல வெச்சிருக்கற."

பாவாயி பலகையைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். "ஆமாங்க" என்றாள். "என்ற கை அங்க போயிருச்சு."

அத்தனை வருஷத்து எரிச்சலும் அப்போது வெடித்தது. "இத்தன நேரம் எறும்புக்கடி வாங்கிட்டு நின்னது நானு! ஒரு நாளாவது, ஒரே ஒரு நாளாவது, என்னைய ஒழுங்காப் பாத்திருக்கறயா? அவனப் பாத்த கண்ணுல கால்வாசி என்னையப் பாத்திருந்தா இப்படி வருமா? எனக்கு எரியுது புள்ள! அவன் முதுகைப் பாத்தா எனக்கு எரியுது. போதுமா?"

"நீங்கதானே வேண்டாம்னீங்க?" என்றாள் அவள். அவளுக்கும் குரல் ஏறியது. "வேண்டாம்னு ஒருத்தர் சொன்னா நான் போட மாட்டேன். எங்கம்மா பொணத்த நீங்க தூக்கறப்பக்கூட நான் போடல. எத்தன கஷ்டமா இருந்துச்சு தெரியுமா?"

"ரெண்டாந்தடவ கேட்டிருக்கோணும்ல?"

"நீங்க சொல்லியிருக்கோணும்ல?"

திடீரென்று பாவாயி வீட்டுக்குள் ஓடினாள். கூடத்துச் சுவரில் இருந்த படங்களைக் கழற்றி அள்ளிக்கொண்டு வந்து வாசலில் பரப்பினாள். "பாருங்க" என்றாள். "எனக்குத் தெரியல. நீங்க பாத்துச் சொல்லுங்க."

அர்த்தனாரி பார்த்தான். "இது அவன். இது ஆளு வேற, தோளு அவந்து. இந்தப் படகுக்காரனுக்கு ஏது இந்த இடுப்பு? இது அவன். இந்தக் கிழவிகூடப் பாதி அவன்தான்." சொல்லச் சொல்லப் பாவாயி தரையில் உட்கார்ந்துவிட்டாள். சமீபத்தில் போட்ட அத்தனை பேர் உடம்பிலும் மாணிக்கம் புகுந்திருந்தான். ஒருத்தனை நன்றாகக் கற்றுக்கொண்ட கை, மற்றவர்களைப் பார்ப்பதை விட்டுவிட்டது. சேலத்தில் வந்து பார்த்தவர்கள் ஒருத்தருக்கும் அது தெரியவில்லை. அந்த முதுகை அவளைவிட அதிகமாகப் பார்த்தவன் மலையில் ஒருத்தன்தான், அவனுக்குத் தெரிந்தது.

மறுநாளிலிருந்து அர்த்தனாரி உட்கார்ந்தான். வாசலில் மணையைப் போட்டு, சட்டையில்லாமல், அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. எத்தனை வருஷ ஆசை! அவள் போட்டு முடித்ததும் திரும்பிப் பார்ப்பான். "அவன்" என்பான். அவள் கிழிப்பாள். மறுபடி உட்காருவான். "தோளு தேவலாம், இடுப்பு அவன்." கிழிப்பாள். பள்ளிக்கூடத்துக்குப் போகிற நேரம் போக மற்ற நேரமெல்லாம் இதுதான். மரத்தில் மிளகு சிவந்தது, பழுத்தது, உதிர ஆரம்பித்தது, பறவைகள் கொத்தின. அவனுக்கு அது கண்ணிலேயே படவில்லை. கூப்பிட்ட உடனே போய் நெஞ்சை நிமிர்த்தி, மூச்சை அடக்கி, முதுகை விறைப்பாக்கிக்கொண்டு உட்கார்ந்தான்.

கடைசியில் அவள்தான் கரியைக் கீழே வைத்தாள்.

"வராதுங்க. நீங்க முதுகக் காட்டறீங்க. காட்டற முதுகு எனக்கு வராது. விடுங்க."

"இன்னொரு தடவ பாக்கலாம் புள்ள."

"மெளகு பூராக் கொட்டுது. போய் மாணிக்கத்தக் கூட்டிட்டு வாங்க. அவன்தான் ஏறோணும்."

இதைவிட ஒரு மனுஷனை அவமானப்படுத்த முடியாது. அர்த்தனாரி எழுந்து துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான். பாதையில் இறங்கி நடந்தான். பாதி வழியில் திரும்பிவிடலாமா என்று நின்றான். பிறகு மறுபடி நடந்தான். மிளகு கம்மி என்று சொன்ன வாயால் இப்போது என்ன சொல்வது? மாணிக்கத்தின் முதுகையே வேண்டாம் என்று துரத்திவிட்டு, இப்போது அவன் வாசலில் போய் நிற்கவேண்டும். நினைக்க நினைக்க நடையே வரவில்லை.

மாணிக்கம் எதுவும் கேட்கவில்லை. "எனக்கு ஆகலடா. வந்து பறிச்சுக் குடு" என்று இவன் சொன்னதும், "வாரேனுங்கண்ணா" என்று மூங்கிலைத் தூக்கிக்கொண்டான். அதுவும் இவனுக்கு எரிந்தது. கொஞ்சம் கோபித்துக்கொண்டிருந்தால் தேவலாம் போலிருந்தது.

இரண்டு பேரும் திரும்பி வந்தபோது பாவாயி வாசலில் கை கழுவிக்கொண்டிருந்தாள். பலா மரத்தில் பலகை சாத்தியிருந்தது. அதில் ஒரு படம், கரியின் பொடிகூட இன்னும் உதிராமல். பத்துப் பதினைந்து கோடுதான் இருக்கும். ஒரு ஆள் நடந்து போகிறான். தோளில் துண்டு. இடது தோள் கொஞ்சம் தூக்கி, வலது தோள் சரிந்து, கழுத்து உள்ளே போயிருக்கிறது. ஒரு கால் போகிறது, இன்னொரு கால் போகலாமா என்று கேட்கிறது. கிழவனும் இல்லை, வாலிபனும் இல்லை. பார்த்தவுடனே கூப்பிட்டு நிறுத்தி என்ன விஷயம் என்று கேட்கத் தோன்றும்படி ஒரு முதுகு.

அர்த்தனாரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாணிக்கத்தைக் கூட்டிக்கொண்டு வருவதற்குள், இவன் அந்தப் பக்கம் போய் இந்தப் பக்கம் வருவதற்குள், புதிதாக ஒருத்தன் வந்துவிட்டானா? அதுவும் எப்படிப் போட்டிருக்கிறாள்! இத்தனை வருஷத்தில் ஒருத்தனையும் அவள் இப்படிப் போட்டதில்லை.

"யாரு இவன்?" என்றான். "யாரு வந்தாங்க இங்க?"

பாவாயி நிமிர்ந்து பார்த்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் மாணிக்கம் சிரித்துவிட்டான்.

"அண்ணா, இது நீங்கதானுங்க!"

"நானா?"

"பின்ன யாருங்க? தூரத்துல வாரப்பவே தெரிஞ்சுதே. இப்படித்தானே நீங்க போவீங்க."

அர்த்தனாரி படத்துக்குப் பக்கத்தில் போனான். தன் முதுகை அவன் எங்கே பார்த்திருக்கிறான்? பார்த்ததெல்லாம் மாணிக்கத்தின் முதுகை. இந்தச் சரிந்த தோளா தன்னுடையது? இந்தத் தயக்கமா? "நல்லாவே இல்லையே" என்றான் மெதுவாக.

"நல்லா இருக்கோணும்னு யாரு சொன்னா?" என்றாள் பாவாயி. "உங்களுதுதான். நீங்க போறப்ப நின்னீங்க பாருங்க, அப்பத்தான் கெடச்சுது. எந்த எடத்துலயாவது அவன் இருக்கானா, பாத்துச் சொல்லுங்க."

அவன் கோடு கோடாகப் பார்த்தான். எங்கும் இல்லை.

மாணிக்கம் மூங்கிலைக் கீழே வைத்துவிட்டுப் படத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தான். சிரிப்பு எப்போதோ நின்றிருந்தது. "அண்ணி" என்றான். "என்னைய எத்தன படம் போட்டிருப்பீங்க! பேப்பர்லகூட வந்துச்சு. ஆனா ஒண்ணுலயும் இப்படி இல்லீங்களே. இதுல அண்ணன் மனசுல என்ன நெனச்சுட்டுப் போறாருன்னு தெரியுது. எம்படத்துல மெளகுதான் தெரியுது."

சாதாரணமாகத்தான் சொன்னான். ஆனால் அடியில் ஒரு காந்தல் இருந்தது. அதை வேறு யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். அர்த்தனாரிக்கு அது தன் வயிற்றுக்குள் வருஷக்கணக்காகக் குடியிருந்த சாமான். நியாயமாக அவனுக்குத் தம்பியின் மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது, தலைகால் புரியாத சந்தோஷம்.

"ஏறுடா, ஏறு. மெளகு கொட்டுது" என்றான்.

மாணிக்கம் மூங்கிலை மரத்தில் சாத்திக் கட்டி ஏறினான். வலது தோள் வழக்கம்போல் ஏறியது. அர்த்தனாரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடி நின்றான். பாவாயி இப்போது பலகையைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்குப் போவாள் என்று எதிர்பார்த்தான். அவள் போகவில்லை. அவனுக்குப் பின்னால் எங்கேயோ உட்கார்ந்தாள். காகிதத்தில் கரி உரச ஆரம்பித்தது.

வயிற்றை எக்கிக்கொள்ளலாமா என்று ஒரு கணம் தோன்றியது. எக்கவில்லை. கழுத்தில் ஒரு எறும்பு ஊர்ந்தது, அதைத் தட்டிவிட்டான். திரும்பிப் பார்க்க வேண்டும் என்று உயிர் துடித்தது. அர்த்தனாரி திரும்பவில்லை.